ரெண்டாவது தடவைக்கு ரெண்டு வருஷம்

அக்கா, கோவிச்சுக்காம கொஞ்சம் உள்ள நகர்ந்து உட்கார்றீங்களா? எனக்குக் கடைசி சீட்டுதான் வேணும், பின் கண்ணாடி ஓரமா. காத்துக்கு இல்லீங்க. பின்னாடி பார்த்துக்கிட்டே வரணும். எங்க வீட்டுக்காரர் வண்டியில வந்துக்கிட்டிருக்காரு. அதோ, பால் வேனுக்குப் பின்னால, பச்சைச் சட்டை. தெரியுதுங்களா? லேசா அப்படியும் இப்படியும் ஆடிக்கிட்டு வர்றாரே, அவரேதான்.

அவர் வண்டியிலேயே போகாம கைப்பிள்ளையோட எதுக்கு பஸ்ஸுல இடிபடுறேன்னு நினைக்கிறீங்க. நியாயந்தான். அவர் குடிச்சிருக்காருங்க. குடிச்சவர் பின்னால உட்கார்ந்து போனா நானும் உடந்தையாம். சட்டத்துல இருக்குதாம். முதல் தடவை மாட்டினப்போ ஒரு இன்ஸ்பெக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அதனால நான் பஸ்ஸு, அவர் வண்டி.

அட, பயப்படாதீங்க. அளவாத்தான் குடிச்சிருக்காரு. நானே ஊத்திக் கொடுத்தேன்.

இப்படி முழிக்காதீங்க அக்கா. நான் என்ன கிறுக்கச்சியா? முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, தப்பு என் மேலயா, சட்டத்து மேலயான்னு. மிதுனா, அந்த அக்கா பையை நோண்டாதே சாமி. ரெண்டு வயசுதான் ஆகுது, கை மட்டும் நாலு இருக்குது.

எங்க வீட்டுக்காரருக்குக் கோழிப்பண்ணையில வேலைங்க. தீவனம் வைக்கிறது, எரு அள்ளுறது, முட்டை ஏத்தி விடுறது. அந்த வேலைக்கு ஊருக்குள்ள என்ன மரியாதை இருக்கும், சொல்லுங்க. விசேஷ வீட்டுக்குப் போனா பந்தியில பக்கத்து இலை காலியாவே கிடக்கும். குளிச்சு, சென்ட்டு அடிச்சு, பவுடர் போட்டுக் கூட்டிட்டுப் போனாலும் மூக்கைப் பிடிக்கிறவங்க பிடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. என் ஓரகத்தி சுகந்தின்னு ஒருத்தி இருக்கா. அவ வீட்டுக்காரர் எங்க கொழுந்தனார், சொசைட்டியில கிளார்க்கு. அவ என்னைக் கூப்பிடுறதே, "ஏம்புள்ள கோகிலா, பண்ணையில உடைஞ்ச முட்டை ஏதாச்சும் கிடந்தா கொண்டாயேன்"னுதான். நல்ல முட்டைகூடக் கேக்க மாட்டா பாருங்க.

போன வருஷம் எங்க குலசாமிக்குக் கிடாவெட்டு. கறிச்சோறு தின்னுட்டு, மத்தியான வெயில்ல மூணு பேரும் வண்டியில திரும்பி வர்றோம். அவர் அன்னிக்கு நிறையவே போட்டிருந்தாரு. அதனால ஒண்ணும் இல்லீங்க, எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. வண்டியை இல்ல, அவரை. வலது தோளைக் கிள்ளினா வலது பக்கம் போவாரு. இடதைக் கிள்ளினா இடது. ரெண்டையும் சேர்த்துக் கிள்ளினா பிரேக்கு. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான் போய்க்கிட்டிருந்தோம், ஒரு கீறல் இல்ல. எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்க அப்படித்தான் வீடு வந்து சேர்றாங்க. இதுக்கெல்லாம் எந்த ஆபீஸ்லங்க லைசென்ஸ் தர்றாங்க?

பைபாஸ்ல நிறுத்திட்டாங்க. மிஷினை நீட்டி ஊதுன்னாங்க. இவரு உறிஞ்சுறாரு. "யோவ், இது இளநீரா? ஊதுய்யா"ன்னாரு இன்ஸ்பெக்டர். ஊதினதும் மிஷின் கத்துச்சு பாருங்க, கைப்பிள்ளை பயந்துபோய் அழுதுடுச்சு. நான் மரியாதையாத்தான் சொன்னேன், "சார், அவரைப் பார்க்காதீங்க, பின்னால நான் இருக்கேன், நான் தெளிவா இருக்கேன்." அதுக்குத்தான் உடந்தைன்னு எனக்கும் சேர்த்து அபராதம். ஒரு சொட்டு குடிக்காதவளுக்கு அபராதம் போட்ட சட்டம் இது. மனசுல வச்சுக்கோங்க.

கோர்ட்டுல நல்ல ஜட்ஜையா. வயசானவரு. "முதல் தடவைன்னு பார்க்கிறேன். ஆறு மாசம் வரைக்கும் உன்னை உள்ள வைக்கலாம். வச்சு யாருக்கு என்ன பிரயோசனம்? ஆறு மாசத்துக்கு சனிக்கிழமை தோறும் பெரிய ஆஸ்பத்திரி விபத்து வார்டுல போய் வேலை செய். குடிச்சுட்டு வண்டி ஓட்டினா என்ன ஆகும்னு கண்ணால பாரு. அதுவரைக்கும் லைசென்ஸ் கிடையாது"ன்னுட்டாரு. நான் அங்கேயே அழுதேன். இருக்கிற எரு பத்தாதுன்னு இனிமே அடுத்தவங்க ரத்தத்தையும் அள்ளணுமேன்னு.

ஆனா பாருங்க, அந்த அழுகையெல்லாம் ரெண்டு வாரந்தான்.

ஆஸ்பத்திரியில அவருக்கு ஒரு மேல்கோட்டு கொடுத்தாங்க. நீலக் கலரு, ரெண்டு பக்கமும் பை வச்சது. முதுகுல மட்டும், "மது அருந்தி வாகனம் ஓட்டியதற்காகச் சமூகப் பணி"ன்னு எழுதியிருக்கும். அதனால என்ன? போட்டோ முன்னாடிதானே எடுக்கிறோம். எடுத்துப் பெருசாக் கழுவி, கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரா மாட்டினேன். நான் ஒரு பொய்யும் சொல்லலீங்க. "பெரிய ஆஸ்பத்திரியில உன் வீட்டுக்காரருக்கு வேலையாமே"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "எப்படிக் கிடைச்சுது?" கோர்ட் ஆர்டருன்னேன். கோர்ட் ஆர்டர் போட்டு வேலை கொடுக்கணும்னா எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்னு அவங்களே நினைச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் ஊரே மாறிடுச்சு. எவன் தென்னை மரத்துல இருந்து விழுந்தாலும் முதல் போன் இவருக்குத்தான். இவரும் வாசல்ல நின்னு ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சு, யாரைப் பார்க்கணுமோ அவங்களைப் பார்த்து, அலைய விடாம உள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடுவாரு. ஸ்ட்ரெச்சர் தள்ளுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லைன்னு எமிலி சிஸ்டரே சொல்வாங்க. அவங்கதான் அந்த வார்டுக்கு ஹெட் நர்ஸு. குலுங்காமத் தள்ளுவாராம். முட்டை வண்டி தள்ளின கை பாருங்க. பந்தியில இப்ப அவர் பக்கத்து இலைக்குச் சண்டை. சுகந்தி இருக்காளே, அவ அம்மாவுக்கு இடுப்பு எலும்பு விலகினப்போ என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "அக்கா, மாமாகிட்டச் சொல்லி ஒரு கட்டில் வாங்கிக் கொடுங்க"ன்னா. அக்காவாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறே வேண்டியிருக்கலை, வயிறு அப்படி நெறஞ்சு போச்சு.

இதோ திரும்பிட்டாரு பாருங்க, வளைவுல. கொஞ்சம் அகலமாத் திரும்புறாரு. கிள்ள ஆளில்லை, அதான்.

குடியாங்க? அதை விட்டுட்டாரு. அதான் வேடிக்கை. வார்டுக்குள்ள போகும்போது ஊதிட்டுத்தான் போகணும். முதல்ல வெள்ளிக்கிழமை மட்டும் விட்டாரு. அப்புறம் வியாழன். அப்புறம் பார்த்தா எல்லாக் கிழமையும் போயிடுச்சு. நல்லதுதானேன்னு சொல்வீங்க. நல்லதுதான், இல்லேங்கலை. ஆனா மனுசன் ஒரு மாதிரி ஆயிட்டாருங்க. பேச்சு குறைஞ்சு போச்சு. பக்கத்துக் கடைக்குப் போறதுக்கும் நடைதான். எப்பவாச்சும் சைக்கிள் எடுத்தா அதுக்கும் ஹெல்மெட்டு. ஹெல்மெட்டோட போய்க் கோழிக்குத் தீவனம் வச்சிருக்காரு ஒரு நாள், கழட்ட மறந்து. கோழியெல்லாம் மிரண்டுபோய் அன்னிக்கு முட்டை குறைஞ்சு போச்சுன்னு முதலாளி திட்டினாரு.

சாப்பிடும்போது வார்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாரு. "கோகிலா, இன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. புருசன் குடிச்சிருந்திருக்கான். பின்னால உட்கார்ந்து வந்திருக்குது, மடியில பிள்ளை. அந்தப் பொண்ணு உன் வயசுதான். உன்னை மாதிரியே பேசிக்கிட்டே இருந்துச்சு, பிள்ளை எங்க, பிள்ளை எங்கன்னு"ன்னு தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்வாரு. நான் விடுவேனா? "சாப்பிடுற நேரத்துல என்னங்க இது, ரசம் ஊத்தட்டுமா"ன்னு கேட்டு மாத்தி விட்டுடுவேன். அதெல்லாம் பிள்ளை காதுல விழலாமா?

இப்படியே ஆறு மாசமும் ஓடிப் போச்சு. கோட்டைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. லைசென்ஸைக் கொடுத்துட்டாங்க. எல்லாம் முடிஞ்சது, போய்ட்டு வான்னுட்டாங்க.

எப்படி இருக்கும், சொல்லுங்க. சனிக்கிழமை ஆனா காலையில குளிச்சுட்டுத் திண்டாடுவாரு. ஒரு வாரம் பார்த்தாரு, ரெண்டு வாரம் பார்த்தாரு. அவராவே ஆஸ்பத்திரிக்குப் போயி, "சிஸ்டர், சம்பளம் வேண்டாம், கோட்டும் வேண்டாம், சனிக்கிழமை மட்டும் வந்து ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டுப் போறேன்"ன்னு கேட்டிருக்காரு. எமிலி சிஸ்டருக்கு ஆசைதான். ஆனா ஆபீஸ்ல, ஆர்டர் இல்லாம வெளியாளை உள்ள விட முடியாதுன்னுட்டாங்க. வாசல்ல வாட்ச்மேன் இவரைப் பார்த்துட்டு, "உறவுக்காரங்க நேரம் சாயங்காலம்"ன்னானாம். ஆறு மாசம் கூடவே டீ குடிச்சவன்.

இதைத்தான் நான் கேக்கிறேன் அக்கா. குடிக்காதவன் வேலை செய்ய வர்றேன்னு போய் நின்னா வாட்ச்மேன் விட மாட்டான். குடிச்சு மாட்டினா போலீஸே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரும். அப்படி ஒரு சட்டம் இருந்தா, நாம என்ன பண்றது? நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். எனக்கே வழி தெரிஞ்சு போச்சு.

சும்மா எடுத்தேன் கவிழ்த்தேன்னு இறங்கலை. முதல்ல வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "சார், எங்க வீட்டுக்காரர் தண்டனையை இன்னும் கொஞ்ச காலம் நீட்டிச்சுத் தரச் சொல்லி ஒரு மனு போடணும்"ன்னேன். கையில இருந்த டீயைக் கீழ வச்சுட்டாரு. "ஏம்மா, இத்தனை வருஷத்துல குறைக்கச் சொல்லித்தான் வந்திருக்காங்க. அவர் உன்னை அடிக்கிறாரா?" அய்யோ, பூனைக்குட்டிங்க சார்ன்னேன். "அப்ப என்னதான் பிரச்சினை?" நல்லா இருக்காரு சார், அதான் பிரச்சினைன்னேன். அப்படி ஒரு மனுவே கிடையாதுன்னுட்டாரு. சரி, மறுபடியும் குடிச்சுட்டு மாட்டினா என்ன ஆகும்னு கேட்டேன். "ரெண்டாவது தடவைன்னா விளையாட்டு இல்லம்மா. ரெண்டு வருஷம் வரைக்கும் போகும்"ன்னாரு.

ரெண்டு வருஷம். முதல் தடவைக்கு ஆறு மாசம் வார்டு. ரெண்டாவதுக்கு ரெண்டு வருஷம் வார்டு. எனக்கு அங்கேயே அவரைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அவர் இன்னும் என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாரு, ஜெயிலு அது இதுன்னு. வக்கீல்னா அப்படித்தான் பயமுறுத்துவாங்க, பீஸுக்காக. போன தடவையும் ஜெயில்னுதான் சொன்னாங்க. ஜட்ஜையா போட்டாரா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனுசன் மாட்டேன்னுட்டாரு. "வேண்டாம் கோகிலா. என்னால முடியாது. அந்த வாசம் அடிச்சாலே அந்த வார்டு ஞாபகம் வருது"ன்னாரு. அந்த வார்டுக்குத்தானேங்க போகச் சொல்றேன்னேன். அழுதேன். சுகந்தி மறுபடியும் முட்டை கேக்க ஆரம்பிச்சுட்டான்னேன். "ஊர்ல ஒவ்வொருத்தனும் தனக்காகக் குடிக்கிறான். நீங்க குடும்பத்துக்காக ஒரு டம்ளர் குடிக்க மாட்டீங்களா"ன்னு கேட்டேன். அதுல கொஞ்சம் அசைஞ்சாரு. பாட்டில் நானே போய்த்தான் வாங்கினேன். வரிசையில அத்தனை ஆம்பளைங்களும் எனக்கு வழி விட்டாங்க, நல்ல பழக்கம்.

முதல் டம்ளர் வெளிய வந்துடுச்சு. ரெண்டாவது தங்குச்சு. மிஷின்ல முப்பதைத் தாண்டினாலே கேஸாம், அதுக்கு மேல ஒரு சொட்டு கொடுக்கலை. நான் என்ன, அவரைக் கொல்லவா பார்க்கிறேன்? அதே பைபாஸு, அதே போலீஸு. செக்கிங் நடக்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்துல இருந்துதான் வண்டியை எடுக்கச் சொன்னேன். நான் முன்னாடியே போய்ப் புளிய மரத்தடியில பிள்ளையோட நின்னுக்கிட்டேன்.

வந்தாரு. நிறுத்தினாங்க. எஸ்.ஐ. ஒருத்தரு, இளவயசு, கையை நீட்டினவரு மூஞ்சியைப் பார்த்ததும் சல்யூட் வச்சுட்டாரு. "மாதேஸ்வரண்ணா, நீங்களா! எங்கப்பா அடிபட்டு வந்தப்போ நீங்கதானே தள்ளிட்டுப் போனீங்க. இப்ப நடக்கிறாருண்ணா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சார், நான் குடிச்சிருக்கேன்"ன்னாரு. அந்த எஸ்.ஐ. சிரிக்கிறாருங்க. "நீங்களா? ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசத்தைச் சொல்றீங்களா? நல்லா தமாசு பண்றீங்கண்ணா"ன்னுட்டு, "டேய், அண்ணனுக்கு வழி விடுங்கடா"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஓடிப்போய், "சார், ஊதச் சொல்லுங்க சார். மிஷின் எதுக்கு வச்சிருக்கீங்க, உங்க கடமையைச் செய்யுங்க சார்"ன்னேன். அந்த எஸ்.ஐ. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "அக்கா, இப்படிப்பட்ட மனுசனைச் சந்தேகப்படாதீங்க. குடும்பத்துல நம்பிக்கைதான் முக்கியம்"னு புத்தி சொல்றாரு. எனக்குப் புத்தி. கிடாவெட்டு அன்னிக்கு, குடிக்காத எனக்கு அபராதம். இப்ப, குடிச்சேன்னு தன் வாயாலே சொல்றவருக்கு சல்யூட்டு. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க, இது என்ன சட்டம்?

தண்ணி இருக்குதுங்களா? கொஞ்சம் பிள்ளைக்குக் கொடுத்துக்கிறேன்.

அதனாலதான் இன்னிக்கு அடுத்த மாவட்டம். எல்லையில ஒரு செக்போஸ்ட் இருக்குதாம், இவரை யாருக்கும் தெரியாது. கண்டிப்பான ஆளுங்களாம். போன தடவை பட்ட கஷ்டம் இந்தத் தடவை இல்லைங்க. அன்னிக்கு பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு பாருங்க, கொட்டிடலாம்னு தேடுறேன், காணோம். வீணாப் போகக் கூடாதுன்னு அவரே குடிச்சிருக்காரு. மறுநாளும் எங்கேயோ போய்ட்டு வந்தாரு. அதுக்கு மறுநாளும். இன்னிக்குக் காலையில நான் கெஞ்சவே இல்லை. அவரே டம்ளரைக் கழுவி எடுத்துட்டு வந்து நின்னாரு. நான் அளந்து ஊத்தினது போதலைன்னு அவரா இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டாரு. பழையபடி சிரிச்சுப் பேசுறாரு. வீடு வீடு மாதிரி இருக்குது.

ஒண்ணே ஒண்ணுதான், ஹெல்மெட்டை விட மாட்டேன்னு பிடிவாதம். நான் பிடுங்கி வீட்டுல வச்சுட்டேன். ஹெல்மெட் போட்டிருந்தா ஒழுங்கான ஆளுன்னு நினைச்சு இந்தப் போலீஸும் விட்டுட்டா என்ன பண்றது?

எங்க அவரு? இந்த டாரஸ் லாரி ஒண்ணு குறுக்க வந்துக்கிட்டு மறைக்குது. மணல் லோடு போல. பாலத்துல ஏறினதுல இருந்து தெரியலை. லாரிக்குப் பின்னாலதான் வருவாரு. தள்ளியே வாங்கன்னு சொல்லித்தான் விட்டேன்.

லாரி நின்னுடுச்சா? ஆமா, நின்னுடுச்சு. டிரைவர் குதிச்சு இறங்குறான். ஏன், பாலத்து மேல எதுக்கு நிறுத்துறான்? அந்தப் பால் வேனும் நின்னுடுச்சு. பின்னால வர்ற வண்டியெல்லாம் வரிசையா நிக்குது பாருங்க.

ஓ. செக்கிங்.

பாருங்க அக்கா, நான் சொல்லலை? எல்லை வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, இங்கேயே பிடிச்சுட்டாங்க. லாரியோட சேர்த்து எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. எவ்வளவு கூட்டம். பெரிய அதிகாரியா இருக்கும். எல்லாரும் ஓடுறாங்க. செக்கிங்னா திரும்பித்தானே ஓடுவாங்க, இவங்க எதுக்கு முன்னால ஓடுறாங்க?

பிடிச்சுட்டாங்கதான். வேற என்ன இருக்கப் போகுது, சொல்லுங்க. ரெண்டு வருஷம். திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, சனிக்கிழமை வார்டுக்குப் போயிடுவாரு.

நீங்க எதுக்கு கண்டக்டரைக் கூப்பிடுறீங்க? பஸ்ஸை நிறுத்த வேண்டாங்க. அக்கா, பிள்ளையைக் கொடுங்க. எப்ப உங்க மடிக்கு வாங்கினீங்க, நான் பார்க்கவே இல்லையே. ஏன் அவளை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?